ஒலுதெனிஸில் ஒரு கிழமை

இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தோம். தம்பிக்குப் பதினான்கு வயது. மலையிலிருந்து பறக்க வேண்டும் என்று ஒரு வருடமாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒரு கிழமையாவது வேலைக் கணினியைத் திறக்காமல் கடலில் கிடக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "எங்கயெண்டாலும் பரவாயில்லை, நான் சமைக்காமல் இருந்தால் போதும்" என்றார். இந்த மூன்றுக்கும் பொருந்தி, எங்கள் காசுக்கும் கட்டுப்பட்ட இடம் துருக்கியின் தென்மேற்குக் கரையில் இருக்கும் ஒலுதெனிஸ்.

லண்டனிலிருந்து தலமான் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துருக்கி மொழியில் 'ஒலு' என்றால் இறந்த, 'தெனிஸ்' என்றால் கடல். மலைக்கும் ஒரு மணல்திட்டுக்கும் நடுவில் கடல்நீர் ஏரி போல அடைபட்டுக் கிடக்கிறது. வெளியில் அலை அடித்தாலும் அதற்குள் தண்ணீர் அசையாது. அதனால்தான் அந்தப் பெயர். மற்றப்படி ஊருக்கு நல்ல உயிர் இருக்கிறது. நடுச்சாமம் தாண்டியும் கடற்கரைத் தெருவில் பாட்டு நிற்காது. மேலே ஹிசாரொனு என்ற பக்கத்து ஊருக்குப் போனால் இன்னும் கூத்து. தெரு முழுக்க ஆங்கிலப் பாட்டு, ஆங்கிலக் காலைச் சாப்பாடு, விலைகூடப் பவுண்ஸில். "இதுக்கு நாங்கள் சவுத்எண்டுக்கே போயிருக்கலாம்" என்றார் அம்மா.

முதல் நாள் இரவே கனடாவிலிருந்து மாமா அழைத்தார். ஹோட்டல் பால்கனியில் நின்று அம்மா கதைத்தது எங்களுக்குக் கேட்டது. விஷயம் புதிதில்லை. வலிகாமம் வடக்கில் அம்மம்மாவின் வீடும் காணியும் இருக்கின்றன. 1990இல், அம்மாவுக்குப் பதின்மூன்று வயதில், சண்டை தொடங்கி ஊரே வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டார்கள். பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்களால் அங்கே கால் வைக்க முடியவில்லை. இப்போது காணியை விட்டுவிட்டார்கள். மாமா ஆள் அனுப்பி எடுப்பித்த படங்களில் நான்கு சுவரும், நடுவில் வளர்ந்த ஒரு பெரிய மரமும் தெரிகின்றன. யாரோ வாங்கக் கேட்கிறார்களாம். விற்றுப் பிரிப்போமா என்பதுதான் மாமாவின் கேள்வி. அம்மாவும் கையெழுத்து வைக்க வேண்டும்.

பயணத்துக்கு முதல் கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மா என்னிடமும் கேட்டிருந்தார். "ஒருத்தரும் போய் இருக்கப்போறேல்லை. வித்தால் வீட்டுக் கடனாவது கொஞ்சம் குறையும்" என்றேன். "ஓம்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பால்கனியில் மாமாவுக்கும் அதே பதில்தான்: "ஓம் அண்ணை, பாப்பம்."

சரி, விடுமுறைக்கு வருவோம்.

நீங்கள் ஒலுதெனிஸுக்குப் போனால் முதலில் அந்த அசையாத தண்ணீருக்குப் போங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் உள்ளே போகக் காசு கட்ட வேண்டும். பொதுக் கடற்கரைக்குக் காசில்லை, ஆனால் அங்கே கரை சட்டென்று ஆழமாகிவிடும். நீச்சல் தெரியாதவர்களுக்கு உள்ளேதான் நல்லது. இரண்டிலும் காலுக்குக் கீழே கூழாங்கல். ஓகஸ்ட் மாத வெயிலில் கல் தோசைக்கல் மாதிரிச் சுடும். தண்ணீரில் போடக்கூடிய சப்பாத்து ஒரு சோடி கட்டாயம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அம்மா கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஆனால் நீந்தத் தெரியாது. "பொம்பிளைப் பிள்ளையளை ஆர் கடலுக்கை இறங்க விட்டது?" என்பார். இரண்டாம் நாள் தம்பி அவரைக் கையில் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்குள் கூட்டிப்போனான். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு மிதவையைக் கட்டிப்பிடித்தபடி காலை உதைத்துக்கொண்டு நின்றார். கரைக்கு வரச் சொன்னோம், வரவில்லை.

அண்ணாந்து பார்த்தால் வானம் முழுக்கப் பரசூட். ஊருக்கு மேலே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் பாபாதா என்ற மலை நிற்கிறது. 'பாபா' என்றால் அப்பா, 'தா' என்றால் மலை. உச்சிக்கு வாகனத்தில் போகலாம். 2021இலிருந்து கேபிள் காரும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பயிற்சி பெற்ற பைலட்டோடு சேர்த்துக் கட்டிப் பறக்க விடுவார்கள். அரை மணித்தியாலமளவில் கடற்கரையில் வந்து இறங்கலாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு உயரமான மலை இருப்பதால்தான் உலகம் முழுவதிலுமிருந்து பறக்கிறவர்கள் இங்கே வருகிறார்கள். தம்பி விளங்கப்படுத்தினான். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "விழுறதுக்குக் காசும் குடுக்கோணுமோ?" என்றார். அன்றைக்கு அந்தக் கதை அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. ஃபெத்தியே நகரத்தில் பெரிய சந்தை கூடும் நாள். ஒலுதெனிஸிலிருந்து டொல்முஷ் என்ற சின்ன வானில் அரை மணித்தியாலம். 'டொல்முஷ்' என்றால் 'நிரம்பியது' என்று அர்த்தம். இலைக்குள் சோறு அடைத்துச் செய்யும் 'டொல்மா'வும் அதே வேர்ச்சொல்தான். ஏறிப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று விளங்கும். காசைப் பின்னுக்கு இருக்கிறவர் முன்னுக்கு இருக்கிறவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறிச் சாரதியிடம் போகும். மிச்சக் காசும் அப்படியே திரும்பி வரும். ஒரு சதம் குறையவில்லை.

துருக்கி மொழியைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேற்றுமை உருபைப் பாடமாக்கி அழுதிருக்கிறோம். துருக்கிப் பிள்ளைகளுக்கும் அதே பாடுதான். 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' என்றால் வீடுகள். 'எவ்லெரிமிஸ்' என்றால் எங்கள் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தென்' என்றால் எங்கள் வீடுகளிலிருந்து. எல்லாம் ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். தமிழில் 'எங்கள்' முன்னால் வருகிறது, அவர்களுக்கு அதுவும் பின்னால். உறவு முறையிலும் அவர்கள் எங்களைப் போல. ஆங்கிலத்தில் எல்லாரும் ஆன்ட்டி. துருக்கியில் அம்மாவின் சகோதரி 'தெய்ஸே', அப்பாவின் சகோதரி 'ஹாலா'. அம்மாவின் சகோதரன் 'டயி', அப்பாவின் சகோதரன் 'அம்ஜா'. சந்தையில் அத்திப்பழம் விற்ற பெடியன் அம்மாவைத் 'தெய்ஸே' என்று கூப்பிட்டான். அர்த்தத்தை நான் சொன்னதும் அம்மா அவனிடமே இரண்டு கிலோ வாங்கினார்.

சந்தையில் பெண்கள் நிலத்தில் இருந்து, ஒரு மெல்லிய நீளத் தடியால் மாவைத் தாளைப் போலத் தேய்த்து, கீரையோ சீஸோ உருளைக்கிழங்கோ வைத்து மடித்து, பெரிய இரும்புத் தட்டில் சுட்டுத் தருகிறார்கள். அதன் பெயர் கொஸ்லெமே. குடிக்க அய்ரான். தயிரில் தண்ணீரும் உப்பும் போட்டு அடித்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இது எங்கட மோர். ஒரு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் இருந்தால் சரி."

மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் சந்தைக்குப் போங்கள். நடுவில் மீன் விற்கிறார்கள், சுற்றிவர உணவகங்கள். மீனை நீங்களே பார்த்து வாங்கி, பிடித்த கடையில் கொடுத்தால், சமைக்கிற கூலிக்குப் பொரித்தோ சுட்டோ சலாட்டோடும் பாணோடும் தருவார்கள். சமைக்க மாட்டேன் என்று வந்த அம்மா, செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் தெரிவுசெய்து, அடுப்படி வாசலில் நின்று கையால் சைகை காட்டி மிளகாய்த் தூள் போடுவித்தார்.

ஃபெத்தியேயின் தெருக்களில் நடக்கும்போது சில இடத்தில் பாதை ஓரமாகப் பெரிய கல் சவப்பெட்டிகள் நிற்கும். லிசியர் என்ற பழைய மக்களுடையவை. ஊருக்குப் பின்னால் மலைப் பாறையைக் கோயில் வாசல் போலக் குடைந்து செய்த கல்லறைகளும் உண்டு. அவற்றில் பெரியது அமிந்தாஸ் என்பவருடையது, கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஊரின் பெயர் தெல்மெசோஸ். பிறகு மக்ரி. இப்போதைய பெயர், 1914இல் விமான விபத்தில் இறந்த ஃபெத்தி பே என்ற ஒட்டோமன் விமானியின் நினைவாக வைத்தது. தம்பி உடனே பிடித்துக்கொண்டான்: "பாத்தீங்களோ அம்மா, ஊருக்குப் பேரே பறந்த ஆளின்ர பேர்." அம்மா, "அவர் விழுந்த ஆள்" என்றார்.

நான்காம் நாள் சக்லிகென்ட். 'மறைந்த நகரம்' என்று அர்த்தம். மலை இரண்டாகப் பிளந்த மாதிரி 18 கிலோமீட்டர் நீளமான ஒரு பள்ளத்தாக்கு. வெயில் உள்ளே விழாத இடங்களும் உண்டு. தொடக்கத்தில் பாறையோடு சேர்த்து அடித்த பலகைப் பாதையில் போய், பிறகு தண்ணீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். வெளியே அவ்வளவு வெயில், ஆனால் தண்ணீர் பனிக்கட்டி. இளவேனிலில் பனி உருகித் தண்ணீர் கூடும் என்பதால் அப்போது போக விடமாட்டார்கள். ஃபோனைப் பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். நான் போடவில்லை.

ஐந்தாம் நாளுக்கு நான் கயாகொய் என்று எழுதியிருந்தேன். ஒலுதெனிஸிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கைவிடப்பட்ட ஊர். "பாழடைஞ்ச வீடுகளைப் பாக்கவோ ஹொலிடே வந்தனாங்கள்?" என்று தம்பி முறைத்தான். உண்மையில் நான் அதைத் தெரிவுசெய்தது, அங்கிருந்து பைன் காட்டு வழியாக நடந்து ஒலுதெனிஸுக்கு இறங்கும் பாதைக்காகத்தான். அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெயில் ஏற முதல் போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவு முழுக்க வீடுகள், நூற்றுக்கணக்கில். ஒன்றிலும் கூரை இல்லை, கதவு இல்லை. ஜன்னல் இருந்த இடங்கள் எல்லாம் ஓட்டை. ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பிகூடக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நூறு வருடத்துக்கு முதல் இந்த ஊரின் பெயர் லெவிசி. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இருந்த ஊர். முதலாம் உலகப் போரும், அதற்குப் பின் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் நடந்த போரும் முடிந்தபோது, 1923 ஜனவரியில் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. துருக்கியில் இருந்த கிரேக்க ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போக வேண்டும். கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு வர வேண்டும். விதிவிலக்குச் சிலருக்கு மட்டும். மொத்தமாகப் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் இப்படி ஊர் மாற்றப்பட்டார்கள். போனவர்களில் பலருக்குக் கிரேக்க மொழியே சரியாக வராது, வந்தவர்களில் பலருக்குத் துருக்கி மொழி வராது. சமயத்தை மட்டும் பார்த்துப் பிரித்தார்கள். இந்தப் பகுதிக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் கமக்காரர். கல்லு மலையில் இருக்க விரும்பாமல் கீழே சமவெளியில் குடியேறினார்கள். வெறுமையாகக் கிடந்த வீடுகளை 1957இல் வந்த பெரிய நிலநடுக்கம் இன்னும் சிதைத்தது.

நான் இதையெல்லாம் வாசித்துச் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா ஒரு வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் பின்னால் போனோம். அம்மா சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது குசினி. பார், புகை பிடிச்ச அடையாளம்." சுவருக்குள் கட்டிய அடுப்பு, மேலே கறுப்பு. வெளியே ஒரு மூலையில் மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி. "கிணறு வெட்டேலாத கல்லு நிலம். அதுதான் தொட்டி கட்டியிருக்கினம்." ஒரு வீட்டுக்குள் அத்தி மரம் கூரை உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அம்மா அதைக் கனநேரம் பார்த்தார்.

"கூரை மரமெல்லாம் எங்க போச்சு?" என்று தம்பி கேட்டான்.

"ஆக்கள் கழட்டிக்கொண்டு போயிருப்பினம்" என்றார் அம்மா. "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். ஓடு, தீராந்தி, கதவு, ஜன்னல் நிலை. சுவரை மட்டும் கொண்டுபோகேலாது."

தீராந்தி என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்.

மலையின் மேற்பக்கத்தில் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் மதிலில் இருந்து தண்ணீர் குடித்தோம். தம்பி கேட்டான்: "அவையள் பிறகு திரும்பி வரேல்லையோ?"

வர முடியாது என்றேன். அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் திரும்பிவந்து குடியிருக்கக்கூடாது என்று அந்த ஒப்பந்தத்தின் முதலாவது பிரிவிலேயே இருக்கிறது. மக்ரியிலும் லெவிசியிலும் இருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புது ஊரை உண்டாக்கினார்கள். அதன் பெயர் நேயா மக்ரி. புதிய மக்ரி என்று அர்த்தம்.

"பேரையாவது கொண்டுபோயிருக்கினம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் சொல்லாத மாதிரி, "எங்களைத்தான் இப்ப ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. நான்தான் போகேல்லை" என்றார்.

எனக்குச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. "அம்மா, நான் அண்டைக்கு விக்கச் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"நீ சொன்ன கணக்குப் பிழையில்லை பிள்ளை. கடன் இருக்குத்தானே. ஆனா பாக்காமல் கையெழுத்து வைக்க எனக்குக் கை வருகுதில்லை. ஏனெண்டு எனக்கே விளங்காமல் இருந்தது."

பிறகு எழும்பி, நடப்போமா என்று கேட்டார்.

அந்தப் பாதையைக் கட்டாயம் நடவுங்கள். கல்லில் பூசிய நிற அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு, இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். நல்ல சப்பாத்தும் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீரும் வேண்டும், வழியில் கடை இல்லை. பைன் மரங்களுக்குள்ளே சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும். ஓரிடத்தில் மரங்கள் விலகும்போது கீழே அந்த அசையாத தண்ணீர் திடீரென்று நீலமும் பச்சையுமாகத் தெரியும். அங்கிருந்து எங்கள் கடற்கரைப் பாட்டும் மெல்லக் கேட்டது. வழியெல்லாம் அம்மா கதைத்துக்கொண்டு வந்தார். எந்த அறையில் யார் படுத்தது, முற்றத்தில் எத்தனை தென்னை, நாயின் பெயர் என்ன, வெளிக்கிட்ட அன்று அடுப்பில் என்ன இருந்தது. தம்பி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். நான் அதிகம் கதைக்கவில்லை. இருபத்தாறு வயது மட்டும் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அவர் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அம்மாவே மாமாவை அழைத்தார். "அண்ணை, நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன். விக்கிறதெண்டால் பிறகு விப்பம்." மாமாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. வாங்குகிறவர் காத்திருப்பாரா தெரியாது.

ஃபோனை வைத்துவிட்டு அம்மா தம்பியைப் பார்த்தார். "நாளைக்கு அந்தப் பறக்கிறது எவ்வளவாம்?"

கடைசி நாள் காலை தம்பி பறந்தான். பைலட்டுக்கு அனுபவம் எத்தனை வருடம், காப்புறுதி இருக்கிறதா என்றெல்லாம் அம்மா என்னை வைத்து விசாரித்த பிறகுதான் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து. நீங்களும் விசாரியுங்கள். தெருவில் விலை குறைத்துக் கூப்பிடுகிற முதல் ஆளோடு போகாதீர்கள். காற்றுச் சரியில்லை என்று பைலட் சொன்னால் அடம்பிடிக்காதீர்கள். கீழே நின்று பார்த்தால் எல்லாப் பரசூட்டும் ஒரே மாதிரித்தான். எது எங்கள் பிள்ளை என்று தெரியாமல் அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து நின்றார். இறங்கி ஓடிவந்தவனிடம் கேட்ட முதல் கேள்வி: "மேல இருந்து அந்த ஊர் தெரிஞ்சதோ?"

"இல்லையம்மா. நான் கடலைத்தான் பாத்தனான்."

"அதுவும் சரிதான்" என்றார்.

வரும் ஈஸ்டர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போக மூன்று டிக்கெட் போட்டிருக்கிறோம். தம்பி ஒரு டேப் அளவுகோல் வாங்கி வைத்திருக்கிறான், வீட்டை அளந்து படம் கீறப் போகிறானாம். வீட்டை விற்பார்களா வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் இனிக் கணக்குச் சொல்லப்போவதில்லை. அம்மா மட்டும் தண்ணீரில் போடும் சப்பாத்தை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். இந்த முறை தன் ஊர்க் கடலில் இறங்கப் போகிறாராம்.